இடது பக்கச் சக்கரம்

எங்கள் பாக்குத் தோப்பில் மரத்துக்கு மரம் இடைவெளி குறைவு. பெரிய டிராக்டர் உள்ளே போனால் திரும்பி வர முடியாது. அதனால்தான் குட்டி டிராக்டர் ஒன்று வாங்கினோம். ஓட்டப் பழகியது என் மனைவி. தோப்பும் அவள் வீட்டு வழியாக வந்ததுதான், மேட்டுப்பாளையத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர். நான் கோயமுத்தூரில் பம்புசெட் பட்டறைகளில் முப்பது வருஷம் லேத் ஓட்டியவன். இடுப்பு ஒத்துழைக்காமல் வேலையை விட்ட பிறகுதான் தோப்போடு வந்து சேர்ந்தேன். அவளுக்கு மண்ணைத் தெரியும், எனக்கு இரும்பைத் தெரியும் என்று சொந்தக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

முதல் பருவத்தில் அவள் பாக்கு மூட்டைகளை டிரெய்லரில் ஏற்றி மண்டிக்கு ஓட்டிப் போனாள். நான் மொபெட்டில் பின்னால் போனேன். மெயின் ரோட்டில் ஒரு லாரி அவளை உரசுகிற மாதிரி கடந்து போனது. லாரிச் சக்கரத்தின் உயரத்துக்குத்தான் அவள் தலை இருந்தது. ஒரு நிமிஷம் அவள் எனக்குத் தெரியவேயில்லை, லாரி மட்டும்தான் தெரிந்தது. லாரி நகர்ந்ததும் அவள் தெரிந்தாள், மண்பாதையில் இறங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மண்டியில் தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த லாரிக்காரருக்கு நான் கண்ணுலயே படலீங்க" என்றாள்.

வண்டியைப் பெரிதாகக் காட்டினால் வழி விடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். அவளுக்காகத்தான் செய்கிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. அதற்கு முந்தின மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் அவள் பெரியப்பா மகன், "ஏனுங்க மாப்பிள்ளை, பொம்மை வண்டிக்குச் சாவி முடுக்கி உட்டு எங்க தங்கச்சிய அனுப்பறீங்களாமா?" என்று கேட்டான். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். மீதிப் பாதி அது.

நாலு மாதம் அந்த வேலையில் கிடந்தேன். தகரம் வளைத்துப் பெரிய வண்டிக்கு இருக்கிற மாதிரி நீளமான பானெட் செய்தேன். முன்னால் கம்பி கிரில், இரண்டு உருண்டை ஹெட்லைட், அகலமான மட்கார்டு. சீட்டை ஒரு முழம் உயர்த்தினேன். புகைக்குழாயைப் பானெட்டுக்கு மேல் நட்டுக்குத்தலாக நிறுத்தினேன். அதில் சத்தத்தை அடக்கும் உள்தட்டுகளைக் கழற்றிவிட்டேன், பெரிய வண்டி மாதிரி உறுமட்டும் என்று. பழைய இரும்புக் கடையில் ஒரு பெரிய டிராக்டரின் பின்சக்கரங்கள் இரண்டு கிடைத்தன. என் இடுப்புக்கு மேலே இருந்தது ஒவ்வொன்றும்.

சக்கரத்தின் துளைகள் எங்கள் வண்டியின் அச்சோடு பொருந்தவில்லை. நடுவில் மூன்று விரல் கனத்துக்கு ஒரு வட்டத் தட்டு வேண்டும். தட்டின் உள்பக்கம் அச்சில் மாட்டும், வெளிப்பக்கம் சக்கரத்தைத் தாங்கும். வண்டியின் பாரம், டிரெய்லரின் இழுவை, எல்லாம் அந்தத் தட்டின் மேல்தான். சிநேகிதன் ஒருவனின் பட்டறையில் லேத் காலியாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கடைந்தேன்.

வலது பக்கத் தட்டு நல்ல எஃகு. உளி பட்டதும் நீளநீளமான சுருளாக வந்தது. இடது பக்கத்துக்கு அந்தத் துண்டு போதவில்லை. பட்டறை மூலையில் அதே அளவில் துருப்பிடித்த உருளை ஒன்று கிடந்தது. அதை எடுத்து மாட்டினேன். உளி பட்டதும் சுருள் வரவில்லை. கருப்பாகத் தூள் கொட்டியது.

லேத்தில் ஒரு மாதம் நின்றவனுக்கும் அதன் அர்த்தம் தெரியும். வார்ப்பிரும்பு. அடி தாங்காது, வளையாது, ஒரு நாள் பிஸ்கட் மாதிரி உடையும். எனக்குத் தெரிந்தது. மெஷினை நிறுத்தக் கை போனது. அடுத்த வாரம் கோயில் நோம்பி, வருஷத் திருவிழா. ஊர் முழுக்க வரும். அதற்குள் வண்டி நிற்க வேண்டும். கனம் இருக்கிறது, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மீதியையும் கடைந்து முடித்தேன். கீழே கிடந்த தூளை நானே பெருக்கி அள்ளினேன். சிநேகிதன் கண்ணில் படக் கூடாது என்று.

நோம்பியன்று சிவப்பு பெயின்ட் அடித்து நிறுத்திய வண்டியை ஊரே சுற்றி வந்து பார்த்தது. பந்தியில் கேட்டவன் டயரை உதைத்துப் பார்த்துவிட்டு, "நெசமாலுமே பழசுதானுங்களா இது?" என்றான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

லாரிகளும் வழி விட்டன. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆறேழு வாரம் அவள் அதில் மண்டிக்குப் போய் வந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

"ஏனுங்க, இடது பக்கம் டொக்கு டொக்குனு கேக்குதுங்க."

என் கையில் இருந்த உருண்டை அப்படியே நின்றது. "பழைய டயருக்கு அப்படித்தான் கேக்கும், அம்மணி" என்றேன்.

"ஒருக்கா பாத்துப்போடுங்க."

"பாக்கறேன்."

பார்க்கவில்லை. பார்த்தால் எனக்குத் தெரிந்தது என் முன்னால் வந்து நிற்கும். அதனால் நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் இருபது மூட்டை ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். மூட்டைகளின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவது எங்கள் தோப்பில் பல வருஷமாக வேலை செய்கிறவரை. அறுபது வயது. பாக்கைத் தரம் பிரிப்பதில் அவர் கண்ணுக்கு ஈடு கிடையாது, அதனால் மண்டிக்கு எப்போதும் கூடப் போவார். "வாரேனுங்க" என்று இருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் டீயை முடித்துவிட்டு வண்டி நிற்கும் கொட்டகையைக் கூட்டலாம் என்று போனேன்.

இடது சக்கரம் நின்ற இடத்தில் கட்டைவிரல் அளவில் ஓர் இரும்புச் சில்லு கிடந்தது.

எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் என் சிவப்பு பெயின்ட். மறுபக்கம் புதிதாக உடைந்த சாம்பல் நிறம், சர்க்கரை மாதிரி பொடிப்பொடியாக மின்னியது. தட்டு ஏற்கெனவே உடைய ஆரம்பித்துவிட்டது. ராத்திரியே உடைந்திருக்க வேண்டும், இல்லை அவள் கிளப்பும்போது.

போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி கூப்பிட்டேன். அப்போதுதான் உறைத்தது. புகைக்குழாய். உள்தட்டைக் கழற்றி நான் வைத்த உறுமலில் அவளுக்குப் போன் எங்கே கேட்கும்? அக்கா போன் வைத்துக்கொள்வதில்லை.

மொபெட்டை மிதித்துக் கிளப்பினேன். அது நாற்பதுக்கு மேல் போகாது. மெயின் ரோடு வரை இட்டேரிப் பாதை. இரண்டு பக்கமும் வேலி உயரம், வளைவுக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி கவிழ்ந்து கிடப்பதை மனசுக்குள் முதலில் பார்த்துவிட்டுத்தான் வெறும் ரோட்டைப் பார்த்தேன். அவள் சீட்டின் உயரம் ஞாபகம் வந்தது. நான்தான் உயர்த்தினேன். விழுந்தால் அங்கிருந்து விழுவாள். இடது பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் பூராவும் பள்ளம். மாசாணியம்மனைக் கூப்பிட்டேன், மாமனார் வீட்டுக் குலசாமியைக் கூப்பிட்டேன். பாதியில் என் வாயே நின்றுபோனது. தெரிந்து செய்தவன் எந்த முகத்தோடு கேட்பது?

மெயின் ரோட்டு முக்கில் ஒரு டீக்கடை. நிறுத்தாமலே கத்தினேன்.

"ஏனுங்க, சின்ன டிராக்டர் ஒண்ணு போச்சுங்களா?"

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் யோசித்தார். "சின்னது எதுவும் போகலீங்களே. பெரிய வண்டி ஒண்ணுதான் செவப்பாப் போச்சு. ஒரு அம்மா ஓட்டிட்டுப் போனாங்க."

"எவ்வளவு நேரமாச்சுங்க?"

"இப்பத்தானுங்க. கால் மணி நேரம் இருக்கும். ஏனுங்க, என்னாச்சு?"

ஆக்சிலேட்டரை முறுக்கினேன். பெரிய வண்டி என்று அவர் சொன்னது காதில் அடித்துக்கொண்டே வந்தது. அதைக் கேட்கத்தானே நாலு மாதம் உழைத்தேன்.

மேட்டுப்பாளையத்துக்கு முன்னால் ஒரு நீளமான இறக்கம் உண்டு. இறங்கி முடிகிற இடத்தில் சிறு பாலம், பாலம் தாண்டியதும் பஸ் நிறுத்தம். இறக்கத்தின் தலையில் போய் நின்றபோது கீழே பாதித் தூரத்தில் அவர்கள் தெரிந்தார்கள். உயிரோடு. மூட்டையின் மேல் அக்காவின் முந்தானை காற்றில் படபடத்தது. ஒரு நொடி எனக்கு அழுகை வந்தது.

அடுத்த நொடி சக்கரம் தெரிந்தது. தரையில் சுற்றிவிட்ட சாப்பாட்டுத் தட்டு விழப்போகும் முன் ஆடுமே, அப்படி ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, வெளியே சாய்ந்து, மறுபடி உள்ளே.

ஹாரன் அடித்தேன். கேட்கவில்லை. பின்னாலிருந்து கத்தினேன். அக்கா மட்டும் திரும்பிப் பார்த்து என்னை அடையாளம் கண்டு கையை ஆட்டினார், சிரித்தபடி. "குதிச்சிராதீங்க, கெட்டியாப் புடிச்சுக்கங்க!" என்று கத்தினேன். அவர் காதில் கையை வைத்துக் கேட்கவில்லை என்று காட்டினார்.

முன்னால் போயாக வேண்டும். போனால் அவள் பயந்து பிரேக்கை அழுத்துவாள். இறக்கத்தில், இருபது மூட்டை பின்னால் தள்ள, அந்தச் சக்கரத்தில் பிரேக் விழுந்தால் அங்கேயே முடிந்தது. போகாவிட்டால் பாலத்தில் முடியும். வலது பக்கமாக ஏறி அவளுக்கு இணையாக வந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முகம் மாறியது. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறாள், பிறகு சொன்னாள். நான் உள்ளங்கையைக் கீழே காட்டி மெதுவா, மெதுவா என்றேன். அவளுடைய பிரேக் காலைக் காட்டி, வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். பிறகு அவளுடைய இடது சக்கரத்தைக் காட்டினேன்.

அவள் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவேயில்லை. பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும்படி உருட்டினாள். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ரோட்டின் நடுப்பக்கம் வந்தாள், பள்ளத்தை விட்டு விலகி. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் இதில் ஒன்றையும் செய்திருக்க மாட்டேன்.

நடக்கிற வேகத்துக்கு வந்தபோது உடைந்தது. வெடி மாதிரி ஒரே சத்தம். அச்சு தார் ரோட்டில் இறங்கிக் கிழித்துக்கொண்டு போனது. வண்டி இடது பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே நின்றது. டிரெய்லர் குறுக்கே திரும்பியது, கட்டு அவிழ்ந்து மூட்டைகள் சரிந்தன. மூட்டைகளோடு அக்காவும் சரிந்தார்.

சக்கரம் மட்டும் நிற்கவில்லை.

அது தனியாக, வண்டிக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே வந்து, இறக்கத்தில் உருண்டது. என்னைத் தாண்டிப் போனபோது அதன் காற்று என் காலில் பட்டது. போகப் போக வேகம் கூடியது. கீழே பஸ் நிறுத்தத்தில் காலேஜுக்குப் போகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, சத்தம் வந்ததா என்றும் தெரியாது. ஒரு பிள்ளை மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அசையவில்லை. பார்த்தபடியே நின்றாள்.

பாலத்தின் கைச்சுவர் நுனியில் சக்கரம் மோதியது. மேலே எழும்பி, சுவரைத் தாண்டி, வறண்ட ஓடைக்குள் விழுந்தது. அந்தப் பிள்ளைக்கும் அதற்கும் பத்தடி இருந்திருக்கும்.

மொபெட் எப்போது கீழே விழுந்தது என்று எனக்கு நினைவில்லை. ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். பச்சைப் பாக்கு என்னைச் சுற்றி உருண்டு போய்க்கொண்டிருந்தது. என் மனைவி இன்ஜினை நிறுத்தினாள், சீட்டிலிருந்து இறங்கினாள், நேராக அக்காவிடம் ஓடினாள். அக்கா ரோட்டோரத்தில் உட்கார்ந்து இடது மணிக்கட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கை ஒரு மாதிரி வளைந்திருந்தது. பஸ் நிறுத்தத்துப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார்கள்.

மணிக்கட்டு முறிவு. வேறு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் சேலை முழுக்க கிரீஸ். அதைத் துடைத்தபடி கேட்டாள்.

"நீங்க எப்படிப் பின்னாலயே வந்தீங்க?"

"கொட்டகைல ஒரு சில்லு கெடந்துச்சு. பாத்ததும் ஓடியாந்தேன்."

"அதுக்கு முன்னால உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்களா?"

சில்லு என் சட்டைப்பையில் இருந்தது. "தெரியாது" என்றேன்.

ரோட்டில் எனக்கு வந்த பயம் வேறு. அது ஓடச் சொன்னது. இந்தப் பயம் என்னை உட்கார்ந்த இடத்திலேயே வைத்திருந்தது. ஐந்து நாள் அப்படிப் போனது. அவள் என் பெயின்ட் டப்பாவைத் தாண்டிப் போனாலும் நெஞ்சு அடித்துக்கொண்டது. உடைந்த தட்டின் பாதியை யாரோ வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பட்டறை தெரிந்தவன் எவனாவது வந்து அதை ஒரு தடவை பார்த்தால் போதும், சொல்லிவிடுவான். அதைச் சாக்கில் சுற்றி உரமூட்டைக்குப் பின்னால் வைத்தேன். வெளியே வந்தேன். மறுபடி போய் வேறு இடத்தில் வைத்தேன்.

ஆறாம் நாள் அக்காவைப் பார்க்க இருவரும் போனோம். கோயமுத்தூரில் லேப் வேலையில் இருக்கும் அவர் மகள் லீவு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். எங்களுக்குக் காபி கொடுத்தாள். அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு என் மனைவியிடம் சொன்னார்.

"எனக்கு ஒரே ரோசனையா இருக்குது, அம்மணி. நான் மேல ஏறி உக்காராம பஸ்ஸுல வந்திருந்தா அவ்வளவு பாரம் இருந்திருக்காது. என்னாலதான் ஒடஞ்சுபோச்சோ என்னமோ. உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

என் மனைவி, "அதெல்லாம் இல்லீங்க அக்கா" என்றாள். அக்கா தலையை ஆட்டினார், நம்பவில்லை. ஆறு நாளாக அந்த அம்மா முறிந்த கையோடு தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லீங்க அக்கா, நாந்தான்" என்றேன். "அந்தத் தட்டு வார்ப்பிரும்பு. ஒடையும்னு எனக்குத் தெரியும். கடையறப்பவே தெரியும். தெரிஞ்சேதான் மாட்டினேன்."

மகள் டம்ளர்களை எடுக்க வந்தவள் அப்படியே நின்றாள். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். அக்காதான் முதலில் பேசினார்.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதானுங்க."

"அதுமேலயா எங்களை ஏத்தி அனுப்புனீங்க?"

அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை. மகள் கேட்டாள். கேட்க வேண்டியது எல்லாவற்றையும் கேட்டாள், என் அம்மா அறுபது வயசுல கை ஒடஞ்சு உக்காந்திருக்குது என்றாள். நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். ஆச்சரியமாக, ஐந்து நாளாக நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது அப்போது நின்றிருந்தது.

மொபெட்டில் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கியதும் என் மனைவி சொன்னாள்.

"நீங்க அரை மணி நேரம் பயந்துட்டு ஓடியாந்தீங்க. ஏழு வாரம் நான் அதுமேல உக்காந்திருந்தேனுங்க. சத்தம் கேக்குதுன்னும் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னாள். பத்து நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள்.

பழைய சக்கரங்களைத் திரும்ப மாட்ட நான் ஸ்பேனரை எடுத்தபோது வேண்டாம் என்றுவிட்டாள். காரமடையிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்து, சக்கரம், சீட்டு, புகைக்குழாய் எல்லாவற்றையும் கம்பெனியிலிருந்து வந்தபடி மாட்டச் சொன்னாள். அவர் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, எந்த நட்டு எவ்வளவு இறுக வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பானெட்டை என்ன செய்வது என்று அவர் கேட்டார். "அது தகரந்தானே, இருக்கட்டுங்க" என்றாள். அதனால் இப்போது எங்கள் வண்டிக்குத் தலை மட்டும் பெரிது.

அடுத்த வாரமே அவள் அதில் மண்டிக்குப் போனாள். நான் மொபெட்டை எடுத்தேன். "பின்னால வராதீங்க, அதுதான் எனக்குப் பயமா இருக்குது" என்றாள். நின்றுவிட்டேன். அவள் திரும்பி வரும்வரை தோப்பில் ஒரு வேலையும் ஓடவில்லை. இன்றைக்கும் அப்படித்தான்.

அக்கா மூன்று மாதம் கழித்து வேலைக்கு வந்தார். என்னோடு முன்பு போலத்தான் பேசுகிறார், ஏனுங்க, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறார். மண்டி நாளில் மட்டும் டிரெய்லர் பக்கம் வருவதில்லை. காலையில் என் மனைவி வண்டியைக் கிளப்பும்போது அவர் பையை எடுத்துக்கொண்டு இட்டேரி வழியாக நடந்து போய் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறார்.